உள்ளே விடவேண்டிய பெயர்கள்

"நான் எதையும் தொடவே இல்லை" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. என் பிழைப்பு அப்படி. செபு தீவில் யாருடைய கம்ப்யூட்டராவது படுத்துக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள். போய் இறங்கியதுமே ஆபீசில் இருக்கிற அத்தனை பேரும் ஜெபம் சொல்வதுபோல் இதையே ஒரே குரலில் சொல்வார்கள். யாருமே தொடாத இயந்திரம் தானாகவே வீட்டைப் பூட்டிச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டதாக நான் நம்பவேண்டும். கேட்டுத் தலையாட்டிக்கொள்வேன். மனசுக்குள் ஒவ்வொருவர் விரலையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் கபாஹுக் கப்பல் கம்பெனிக்குப் போன அன்று, அந்த வாக்கியத்தைச் சொல்லாத ஒரே ஆளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. இவள்தான் என்று பட்டது. செய்யாதவர்கள்கூடப் பதறுகிற நேரத்தில் ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்?

அவள் பெயர் நெனிங். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பல வருடமாகக் கட்டி மேய்க்கிறவள். சர்வர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். சீப்பு, ஜெபமாலை, குடை, பாதி தின்ற பண்டெசால் ரொட்டி எல்லாம் மேசைமேல் கிடந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் துறைமுக ஸ்டேஷன் போலீஸ்காரர் அபெல்யானா, தேங்காய்ப்பால் சோற்றைக் கெட்டிச் சாக்லேட் பானத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நெனிங்கின் போன் அவருடைய சட்டைப்பையில் இருந்தது.

கீழே ஏறுமிடத்தில் கூட்டம் நெரிந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. ஊருக்குப் போகிற சனம் முழுக்கச் சாமந்திக் கொத்தும் மெழுகுவத்திக் கட்டும் கல்லறைக்கு அடிக்க வெள்ளைப் பெயின்ட் டப்பாவுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. கமோட்டெஸ் தீவுக்குப் போகவேண்டிய கப்பல் கயிறு அவிழ்க்காமல் நின்றது. பயணிகள் பெயர்ப் பட்டியல் இல்லாமல் கடலோரக் காவல்காரர்கள் எந்தக் கப்பலையும் நகர விடமாட்டார்கள். பட்டியல் சர்வருக்குள் இருந்தது. சர்வருக்குள் யாராலும் நுழைய முடியவில்லை.

முதலாளி ஓன்சோய் கபாஹுக் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அறுபதைத் தாண்டிய மனிதர். கறுத்த கண்ணாடி, கழுத்தில் தடித்த சங்கிலி, வாயில் எப்போதும் ஒரு பல்குத்தும் குச்சி. இளையவர்கள் எல்லோரும் அவருக்கு 'டோங்', அதாவது தம்பி.

"டோங், நீ வந்தது நல்லதாப் போச்சு. ஆனா ஒண்ணு. அவசரப்பட்டுத் திறந்துடாத. அவ என்ன பண்ணினாங்கிறதுக்கு முதல்ல ஆதாரம் எடு."

"யாரு?"

"யாரா? வெளிய உக்காந்திருக்காளே, அந்த மகாராணி." குச்சியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "எதிர் கம்பெனிக்காரன் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. இன்னிக்குக் காலையிலதான் அடுத்தவன் வாயால கேள்விப்படறேன். அவ கல்யாணத்துக்கு நின்னவன் நான். நினோங், நினோங்னு நாக்குல தேன் தடவிக் கூப்பிடறா. உள்ளுக்குள்ள கத்தி வச்சிருக்கா."

நினோங் என்றால் ஞானத்தகப்பன். கல்யாணத்தில் மாதாகோவிலில் சாட்சி நின்று, அன்றிலிருந்து பாதி அப்பன் ஆகிவிடுகிறவர். எங்கள் ஊரில் முதலாளிகள் சம்பளத்தோடு இந்த உறவையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு அந்த உறவை வைத்தே கழுத்தையும் பிடிப்பார்கள்.

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

"காலையில கரண்ட் போச்சு. வந்துச்சு. எல்லாக் கவுண்ட்டரும் செத்துப் போச்சு. திரும்ப உள்ள போகப் பாக்கறாங்க, ஒருத்தரையும் விடலை. கவுண்ட்டர் லவ்லியை விடலை, என்னை விடலை. நான் முதலாளிடா! என் சொந்த சர்வர் என்னைப் பாத்து, நீ யாருங்குது."

"நெனிங்கை?"

"அவளையும் விடலையாம். என் முன்னாடியே அடிச்சுக் காட்டினா. நாடகம். சாயங்காலத்துக்குள்ள ஆதாரம் கிடைச்சா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அபெல்யானா சொல்லியிருக்கார். கம்ப்யூட்டர் குற்றம்னா இப்ப ஜாமீன்கூட லேசுல கிடைக்காதாமே?"

அவர் குரலில் இருந்த ருசி எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது என்றும் நினைத்துக்கொண்டேன்.

சர்வர் அறை என்பது பழைய துடைப்பங்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஒரு பொந்து. உள்ளே ஒரு யுனிக்ஸ் இயந்திரம், பக்கத்தில் மங்கல் திரை. இதில்தான் டிக்கெட் புரோகிராம் ஓடுகிறது. கவுண்ட்டர்கள் எல்லாம் இதற்குள் நுழைந்துதான் டிக்கெட் அடிக்கின்றன. ஒருமுறை நுழைந்துவிட்டால் இங்கே யாரும் வெளியே வருவதில்லை. ஷிஃப்ட் மாறினாலும் ஒருத்தி எழுந்திருக்க, அதே திரைமுன் அடுத்தவள் உட்கார்ந்துவிடுவாள். நாற்காலி சூடு ஆறுவதற்குள் வேலை தொடரும். கரண்ட் போனால்தான் எல்லோரும் ஒன்றாக வெளியே விழுவார்கள்.

ஓன்சோய் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தலைமைப் பாஸ்வேர்டை அடித்தேன். திரை என்னைத் தள்ளியது. வேண்டுமென்றே தப்பாக ஒருமுறை அடித்தேன். அப்போதும் தள்ளியது. ஆனால் வேறு வாசகத்தில். இந்த வித்தியாசத்தைக் கவனிக்கத்தான் எனக்குக் கூலி. பாஸ்வேர்டு தப்பு என்றால் தப்பு என்கிறது. சரியாக அடித்தால், உனக்கு அனுமதி இல்லை என்கிறது. ஆக, பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. வாசலில் யாரோ காவல்காரனை நிறுத்தி, இன்னாரை மட்டும் விடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வைரஸ் இல்லை, பழுதும் இல்லை. விவரம் தெரிந்த ஒரு மனிதக் கை.

"நோங்," என்று அண்ணன் முறையில் கூப்பிட்டேன். "இந்தத் தலைமைப் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

"ரெண்டே பேரு. எனக்கும் அவளுக்கும்."

"நீங்க கடைசியா எப்ப உள்ள போனீங்க?"

"நானா?" குச்சி வாயிலேயே நின்றது. "எனக்கு இதுல என்ன தெரியும்? நான் எதையும் தொடவே இல்லை."

சொல்லிவிட்டார்.

நான் வெளியே வந்து நெனிங் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். நாற்பதை ஒட்டிய வயசு. கண் சிவந்திருந்தாலும் அழுத தடம் இல்லை. மனாங், அதாவது அக்கா, என்று தொழில் பேச்சுப்போல ஆரம்பித்தேன்.

"மனாங், நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

"தொட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தினம் தொடறேன். என் வேலையே அதைத் தொடறதுதான். தொடலைன்னு எப்படிச் சொல்றது?"

"நுழையற அனுமதியை மாத்தினீங்களா?"

"இல்லை."

"எதிர் கம்பெனியில கூப்பிட்டது உண்மையா?"

"உண்மை. போகலைன்னு சொல்லிட்டேன். சொன்னதை யாரும் கேள்விப்படலைபோல." அபெல்யானாவின் சட்டைப்பையைப் பார்த்தாள். "அந்தப் பதில் அந்த போன்லதான் இருக்கு. படிக்கச் சொல்லுங்க. கூச்சமா இருந்தா நானே படிச்சுக் காட்டறேன்."

அபெல்யானா சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு, "பாஸ்வேர்டு கேக்குது, எங்களுக்கு உத்தரவு இல்லை," என்று முனகினார்.

பதில்கள் எல்லாம் சரியாக இருந்தன. ரொம்பச் சரியாக இருந்ததால் எனக்கு இன்னும் சந்தேகம்தான். கெட்டிக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள். மனசு அப்படிப் போகிறது, நான் என்ன செய்ய?

கீழே ஒரு கிழவர் பெயின்ட் டப்பாவைக் கையில் தட்டி, "இன்னிக்கு விடுவீங்களா, இல்லை நானே செத்து அங்க போய்ப் படுத்துக்கட்டுமா?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் கல்லாக மாறும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓன்சோய் கடலோரக் காவல் அதிகாரியைச் சமாதானப்படுத்தக் கிளம்பினார். நான் சர்வரை அணைக்கப் போகிறேன் என்றதும் திரும்பி வந்துவிட்டார்.

"அணைச்சா?"

"அணைச்சுத் திரும்ப ஏத்தறப்ப நடுவுலயே நிறுத்தலாம். தனி ஆள் நிலைன்னு ஒண்ணு இருக்கு. அங்க வாசல் காவல்காரன் இன்னும் வேலைக்கு வந்திருக்க மாட்டான். யாரு எவருன்னு கேக்காது. முன்னால உக்காந்திருக்கிறவன்தான் எஜமான்."

"அப்ப, உன்னால என்ன வேணா பண்ண முடியுமா?"

"முடியும்."

"அழிக்கவும்?"

"அழிக்கவும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலையில் ஒருத்தியை நம்பாமல் என்னை அழைத்தவர், இப்போது என்னையும் நம்பமுடியாமல் நின்றார். உதவிக்கு வந்தவன்மேல் சந்தேகப்படுவது எவ்வளவு கேவலம் என்று தோன்றியது. வந்ததிலிருந்து நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

"அபெல்யானா! இவன் பின்னாடி நில்லுங்க. திரையில இருந்து கண்ணை எடுக்காதீங்க," என்று உத்தரவு போட்டுவிட்டுக் கீழே போனார்.

இப்படியாக, ஆயுதம் தாங்கிய காவலோடு ஒரு யுனிக்ஸ் இயந்திரத்தை நான் மறுபடி ஏற்றினேன். அது நடுவில் நின்று, எந்த ஷெல்லைக் கொண்டு, அதாவது எந்தக் கட்டளை வாய் வழியாக, பேசவேண்டும் என்று மட்டும் கேட்டது. எண்டரில் வெறுமனே ஒரு தட்டு. கட்டளைக்குக் காத்திருக்கும் முகப்புக்குறி வந்தது. பெயர் கேட்கவில்லை, பாஸ்வேர்டு கேட்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அபெல்யானா. "எங்க ஸ்டேஷன் லாக்கப்கூட இதைவிடப் பரவாயில்லை."

கரண்ட் போய் விழுந்த இயந்திரம் ஆயிற்றே, முதலில் ஹார்ட் டிஸ்க் அடிபட்டிருக்கிறதா என்று சோதித்தேன். சேதம் இல்லை. எழுத அனுமதி கொடுத்துத் திறந்தேன். பிறகு எது சமீபத்தில் மாறியது என்று தேடினேன். ஒரே ஒரு கோப்பு. யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் கோப்பு. சனிக்கிழமை பிற்பகலில் யாரோ கையால் திருத்தியிருந்தார்கள். ஒரே வரி. அதன் பொருள் இவ்வளவுதான்: இந்த இரண்டு பேரைத் தவிர மற்ற எவரையும் எங்கிருந்தும் உள்ளே விடாதே.

அந்த இரண்டு பேர்: லியோன்சியோ. பெர்பெத்துவா.

யார் இவர்கள்? இந்த இயந்திரத்தில் அப்படி இரண்டு கணக்குகளே இல்லை. கணக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆபீஸ் ஆட்கள் மட்டும்தான்: ஓன்சோய், நெனிங், லவ்லி, டாட்டா, போபோய், பிங்கெட். இல்லாத இருவரை மட்டும் விடச் சொல்லி, இருக்கிற எல்லோரையும் வெளியே தள்ளிப் பூட்டியிருக்கிறது இந்த வரி. தலைமைக் கணக்கையும் சேர்த்து.

வெளியாட்கள். யாரோ இரண்டு பேர் கள்ளக் கணக்கு ஆரம்பிக்கத் திட்டம் போட்டு, பாதியில் விட்டிருக்கிறார்கள். எதிர் கம்பெனியின் ஆட்களாக இருக்கலாம். நெனிங் கதவைத் திறந்துவிட இருந்தாளோ என்னவோ. நான் கதையை மளமளவென்று கட்டிவிட்டேன். எனக்கு இதில் நல்ல பழக்கம்.

"லவ்லி!" என்று கூப்பிட்டேன். கவுண்ட்டர் பெண் ஓடிவந்தாள். "பெர்பெத்துவான்னு யாராவது இங்க வேலை பாக்கறாங்களா?"

"பெர்பெத்துவாவா? புதுசா வாங்கற கப்பலுக்குப் பேரா அண்ணே?"

"லியோன்சியோ?"

"அது ஏதோ புனிதர் பேரு மாதிரி இருக்கு. அவர் எதுக்கு நம்ம கம்பெனிக்கு வரப்போறார்?"

பின்னாலிருந்து அபெல்யானா தொண்டையைச் செருமினார். "லியோன்சியோன்னா எங்க பக்கத்துல ஓன்சோய்னுதான் கூப்பிடுவாங்க."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"லவ்லி," என் குரலை நானே தாழ்த்திக்கொண்டேன். "சனிக்கிழமை மத்தியானம் இந்த ரூம்ல யாரு இருந்தா?"

"முதலாளிதான். கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தார். சாக்லேட் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன். போன்ல எதையோ பாத்துப் பாத்து ஒத்தை விரலால அடிச்சிட்டிருந்தார். நான் எட்டிப் பாத்ததும் வள்ளுன்னு விழுந்தார்." தயங்கினாள். "மனாங் அன்னிக்குக் காலையோட கிளம்பிட்டாங்க. கார்கார் ஊர்ல அவங்க அக்கா பேத்திக்கு ஞானஸ்நானம்."

எழுந்து வெளியே போனேன். நெனிங் அதே நாற்காலியில், அதே இருப்பில் இருந்தாள்.

"மனாங், பெர்பெத்துவாங்கிறது யாருன்னு தெரியுமா?"

அவள் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "எதுக்குக் கேக்கறீங்க?"

"தெரியுமா?"

"நான்தான்."

லவ்லி வாயில் கை வைத்துக்கொண்டாள். "நீங்களா? உங்க பேரு நெனிங் இல்லையா?"

"நெனிங்னு எவளுக்காவது கோவில்ல தண்ணி ஊத்துவாங்களாடி?" என்றாள் அவள். "சதா சகாய மாதாவுக்கு எங்கம்மா நேர்ந்துக்கிட்டு வச்ச பேரு. ஞானஸ்நானத்துல ஒரு தடவை கூப்பிட்டாங்க. கல்யாணத்துல ஒரு தடவை. என் புருஷனே அப்ப, யாரைக் கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பாத்தார்."

"கல்யாணத்துல அந்தப் பேரைக் கேட்டவங்க யாரு இப்ப இங்க இருக்காங்க?"

அவள் எழுந்து, என்னைத் தாண்டி, சர்வர் அறைக்குள் போய்த் திரையைப் பார்த்தாள். அபெல்யானா தடுக்கவில்லை. அந்த ஒற்றை வரியை அவள் விளக்கம் கேட்காமலே படித்துக்கொண்டாள். தொழில் தெரிந்தவள். படித்து முடித்தும் அங்கேயே நின்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வந்ததிலிருந்து இந்தப் பெண்ணின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓன்சோய் வியர்த்து வழிந்துகொண்டு படியேறி வந்தார். அவளை உள்ளே பார்த்ததும் குதித்தார். "அவளை யாரு உள்ள விட்டது? கலைச்சிடுவா! அபெல்யானா, என்ன பாத்துட்டு நிக்கறீங்க?"

"நோங், சனிக்கிழமை இதை எழுதினது நீங்கதானே?" என்றேன்.

குச்சி கீழே விழுந்தது. பிறகு குரலை உயர்த்தினார். தப்பு மாட்டிக்கொண்ட முதலாளிகள் எல்லோருக்கும் அந்தச் சுருதி வந்துவிடும்.

"எழுதினேன். என் சர்வர், நான் எழுதக்கூடாதா? திருநாள் சீட்டெல்லாம் வெளிய இடைத்தரகனுங்க கைக்குப் போகுதுடா. உள்ளேருந்து எவனோ பாத்துச் சொல்றான். லவ்லியா, டாட்டாவா, போபோயா, யாரை நம்பறது? அதான் எல்லாரையும் தூக்கி வெளிய போட்டேன். உள்ள இருக்கிற கவுண்ட்டர் அப்படியே ஓடட்டும், திங்கக்கிழமையில இருந்து நெனிங்கே எல்லாத்தையும் தன் கையால திறந்து விடட்டும்னு. காலையில வந்ததும் அவகிட்டச் சொல்ல இருந்தேன். அதுக்குள்ள கரண்ட் போச்சு. பாத்தா என்னையும் விடலை, அவளையும் விடலை. நான் எழுதினது எங்க ரெண்டு பேரை விடச் சொல்லி. அப்ப யாரோ அதை மாத்தியிருக்கணும். பாஸ்வேர்டு தெரிஞ்ச இன்னொரு ஆள் அவதானே? நீயே சொல்லு, என் இடத்துல இருந்தா நீ என்ன நினைப்ப?"

நான் அப்படியேதான் நினைத்திருப்பேன்.

"யாரும் மாத்தலை நோங். நீங்க எழுதினது அப்படியே இருக்கு. ஆனா நீங்க ஞானஸ்நானப் பேரை எழுதிட்டீங்க. இதுக்கு உங்களை ஓன்சோய்னுதான் தெரியும். அவங்களை நெனிங்னுதான் தெரியும். லியோன்சியோ, பெர்பெத்துவான்னு யாரும் இந்த வாசலுக்கு வந்ததே இல்லை."

"அதெப்படி?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "காரியமா ஒரு இடத்துல பேர் எழுதினா ஞானஸ்நானப் பேர்தானே எழுதணும்? பட்டப்பேர் போட்ட டிக்கெட்டைக் கடலோரக் காவல்காரன் ஏத்துக்குவானா? இத்தனை வருஷமா ஓன்சோய்னு ஒருத்தனையும் போபோய்னு ஒருத்தனையும் நான் கப்பல்ல ஏத்தினது கிடையாது. ஜுவான், பெட்ரோன்னு முழுப் பேர் கேட்டு எழுதித்தான் ஏத்தியிருக்கேன். கப்பலுக்கே அப்படின்னா, கம்ப்யூட்டருக்கு?"

அபெல்யானா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பிறகு நெனிங்கின் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எனக்கு இங்க வேலை இல்லை," என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்த உடுப்புக்கு அந்த வழக்கம் இல்லை.

ஓன்சோய் என் தோளைத் தட்டி, ஆபீசில் மற்றவர்களிடம் இயந்திரக் கோளாறு என்றே சொல்லிவிடச் சொன்னார். கன்னத்தில் ஒன்று விடவேண்டும்போல் இருந்தது. பிறகு அவர் நெனிங் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

"பாத்தியா நெனிங்? எத்தனை பேர் இருக்காங்க இந்தக் கம்பெனியில. என் சொந்தத் தம்பி மகன் இருக்கான். நான் எழுதினது ரெண்டே பேரு. உன்னை மட்டும்தான் நம்பினேன். இதோ, எழுத்துலயே இருக்கு."

"இருக்கு நினோங்," என்றாள் அவள். "சனிக்கிழமை என்னை மட்டும் நம்பினீங்க. திங்கக்கிழமை என்னை மட்டும் சந்தேகப்பட்டீங்க. ரெண்டு நாளும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? மனுஷன்னா கோவத்துல நாலு நினைப்பான். சனம் காத்துட்டிருக்கு, முதல்ல சரி பண்ணு."

நான் குறுக்கிட்டேன். "அந்த வரியையே எடுத்துடலாம் நோங். முன்ன இருந்த மாதிரி எல்லாரும் போகட்டும்."

"கூடாது! சீட்டை விக்கிறவன் இன்னும் உள்ளதான் இருக்கான். வரி இருக்கணும். பேரைச் சரியா எழுதினாப் போதும். வேலையில இருக்கிறவங்க பேரு மட்டும். ஒண்ணு கூடவும் கூடாது."

"நானே எழுதறேன்," என்றாள் நெனிங்.

நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவள் விரல்கள் சத்தமில்லாமல் ஓடின. நான் திரையைப் பார்க்கவில்லை. அன்று அவளைக் கண்காணித்தது போதும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முடித்துவிட்டு, "ஏத்துங்க," என்றாள். இயந்திரத்தை முழுதாக மேலே வரவிட்டேன்.

லவ்லி தன் கவுண்ட்டரிலிருந்து நுழைந்தாள். "வந்துட்டேன்!" என்று அங்கிருந்தே கூவினாள். டாட்டா நுழைந்தான். போபோய் நுழைந்தான். ஓன்சோய் பக்கத்துத் திரையில் ஒற்றை விரலால் தன் பட்டப்பேரை அடித்து உள்ளே போய், குழந்தைபோல் கையைத் தட்டிக்கொண்டார். பட்டியல் அச்சில் வந்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். சாமந்திக் கொத்துகள் எழுந்து நின்று வரிசையாகக் கப்பலை நோக்கி நகர்ந்தன. பெயின்ட் டப்பாக் கிழவர் முதலில் போனார்.

"சரி நெனிங், நீயும் உள்ள வா," என்றார் ஓன்சோய். "சாயங்காலக் கப்பலுக்கு சீட்டைப் பூரா நீயே பாரு. எவன் எங்க கை வைக்கிறான்னு எனக்கு ராத்திரிக்குள்ள தெரியணும்."

அவள் அவர் முன்னாலேயே தன் பெயரை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள். திரை அவளைத் தள்ளியது. உனக்கு அனுமதி இல்லை என்றது.

"என்னடா இது?" ஓன்சோய் என்மேல் பாய்ந்தார். "இன்னும் சரியாகலையா? திரும்ப யாரோ புகுந்துட்டானா? டோங், யாரையும் வெளிய விடாத!"

நான் தலைமைக் கணக்கில் நுழைந்து அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதியிருந்தாள். தலைமைக் கணக்கு, ஓன்சோய், லவ்லி, டாட்டா, போபோய், பிங்கெட். ஒருவர் விடாமல்.

"சரியாத்தான் இருக்கு நோங்," என்றேன். "வேலையில இருக்கிறவங்க எல்லார் பேரும் இருக்கு. அவங்க பேரை மட்டும் அவங்க எழுதலை."

அவர் திரும்பிப் பார்த்தார். நெனிங் எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"சாயங்காலக் கப்பலை லவ்லி பாத்துக்குவா, சார்," என்றாள்.